அங்கன்வாடியில் பெயர் சேர்ப்பது எப்படி? ஊர் மாறி வந்த பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

போன வருடம் ஜூன் மாதம் விருதுநகர் மாவட்டத்துக் கிராமத்திலிருந்து திருப்பூருக்குக் குடிவந்தோம். மூத்தவனுக்கு நான்கு வயது, சின்னவளுக்கு ஒன்றே கால். ஊரில் இருந்தவரை அங்கன்வாடி பற்றி நான் யோசித்ததே இல்லை. டீச்சர் எங்கள் தெருக்காரர். பெயர் எழுதுவது, எடை பார்ப்பது, சத்துமாவு கொடுப்பது எல்லாவற்றுக்கும் அவரே வீட்டு வாசலில் வந்து நின்று கூப்பிடுவார்.

இங்கே வந்த பிறகுதான் திண்டாடினேன். நான்கு தெரு தள்ளி ஒரு மையம் இருப்பது தெரியவே மூன்று வாரம் ஆயிற்று. தேடிப் போனால், "உங்க பேரு பழைய ஊர்லயே இருக்கும்மா, அங்க எடுத்தாத்தான் இங்க ஏறும்" என்றார்கள். ஊருக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டுத் திரும்பப் போனால் ஓடிபி வேண்டும் என்றார்கள். என் ஆதாரில் இருந்ததோ அப்பாவின் பழைய நம்பர். அந்த சிம் தொலைந்து இரண்டு வருடம் ஆகிறது. இப்படியே அக்டோபர் வந்துவிட்டது. நான்கு மாதம் சின்னவளுக்குச் சத்துமாவும் இல்லை, எடையும் பார்க்கவில்லை. கடைசியில் எடை மெஷினில் வைத்தபோது 8 கிலோ 400 கிராம் காட்டியது. ஊரைவிட்டு வரும்போது 8 கிலோ 300. நான்கு மாதத்தில் நூறே கிராம்தான் ஏறியிருக்கிறாள்.

ஒரு வாரத்தில் முடித்திருக்கக்கூடிய வேலை இது. எதை முதலில் செய்வது என்று சொல்ல ஆள் இல்லாததால் நான்கு மாதம் போனது. உங்களுக்கு அப்படி ஆகக் கூடாது என்பதற்காக, நான் செய்திருக்க வேண்டிய வரிசையில் எழுதுகிறேன்.

1. ஆதாரில் எந்த போன் நம்பர் இருக்கிறது என்று பாருங்கள்

மையத்தைத் தேடுவதற்கு முன்பே இதைச் செய்யுங்கள். இப்போது பெயர்கள் எல்லாம் போஷன் டிராக்கர் என்ற செயலியில்தான் ஏறுகின்றன. அது டீச்சரின் போனில் இருக்கும். அதில் தாயின் ஆதார் எண்ணைப் போட்டதும், ஆதாரோடு இணைத்த நம்பருக்கு ஓடிபி வரும். அதைச் சொன்ன பிறகு உங்கள் முகத்தைப் படம் எடுப்பார்கள். 2025 ஜூலை முதல், வீட்டுக்கு எடுத்துப்போகும் சத்துமாவை வாங்கும்போது இந்த முகப்பதிவு பொருந்த வேண்டும் என்பது கட்டாயம். ஆக, நம்பர் தவறாக இருந்தால் ஓடிபி வராது. ஓடிபி வராவிட்டால் முகப்பதிவும் நடக்காது.

ஆதார் இணையதளத்திலேயே உங்கள் நம்பர் இணைந்திருக்கிறதா என்று சரிபார்க்கும் வசதி இருக்கிறது. பழைய நம்பர் என்று தெரிந்தால் ஆதார் சேவை மையத்துக்கோ, ஆதார் வேலை பார்க்கும் தபால் நிலையத்துக்கோ நேரில் போங்கள். நம்பர் மாற்ற எந்தச் சான்றும் வேண்டாம். உங்கள் கைரேகை போதும். கட்டணம் 75 ரூபாய், ரசீதைக் கேட்டு வாங்குங்கள். எனக்கு ஐந்தாம் நாள் புது நம்பருக்குத் தகவல் வந்தது. முப்பது நாள் வரைகூட ஆகலாம் என்று எண்ணிக்கொண்டு கிளம்புங்கள். இதை முதல் வேலையாகச் செய்யச் சொல்வது அதனால்தான்.

கணவர் நம்பரைக் கொடுக்கலாமா என்று பலரும் கேட்கிறார்கள். கொடுக்கலாம். ஆனால் அவர் ஷிப்டில் இருக்கும்போது ஓடிபி அவருடைய போனுக்கு வரும். அவர் எடுத்துச் சொல்வதற்குள் நேரம் முடிந்துவிடும். அங்கே உங்களோடு டீச்சரும் காத்திருப்பார், பின்னால் வரிசையும் காத்திருக்கும். கையில் இருக்கும் நம்பரையே இணையுங்கள்.

2. உங்கள் தெரு எந்த மையத்தில் வருகிறது?

ஒவ்வொரு மையத்துக்கும் குறிப்பிட்ட தெருக்கள் உண்டு. பக்கத்தில் இருப்பதுதான் உங்கள் மையம் என்று நினைத்துவிடாதீர்கள். நான் முதலில் போனது எங்கள் தெருவைச் சேராத மையம். அங்கே ஒரு காலை முழுக்க உட்கார்ந்திருந்து திரும்பினேன்.

கூகுள் மேப்பை நம்ப வேண்டாம். ரேஷன் கடையிலோ, தெருவில் கைக்குழந்தை வைத்திருக்கும் யாரிடமாவதோ "பால்வாடி எங்க இருக்கு?" என்று கேளுங்கள். அங்கன்வாடி என்றால் புரியாதவர்களுக்கும் பால்வாடி என்றால் புரியும். தடுப்பூசி போடும் செவிலியருக்கு எல்லா மையமும் அத்துபடி. அவரிடம் கேட்டால் டீச்சரின் பெயரோடு சொல்லிவிடுவார்.

எப்போது போவது என்பதும் முக்கியம். காலையில் பிள்ளைகள் வரும் நேரத்திலும் சாப்பாட்டு நேரத்திலும் போகாதீர்கள். புதன்கிழமை வேண்டவே வேண்டாம். நம் மாநிலத்தில் அது தடுப்பூசி நாள், டீச்சருக்கு அந்த வேலையும் இருக்கும். பிள்ளைகள் சாப்பிட்டுத் தூங்கும் இரண்டு மணி வாக்கில் போனேன். டீச்சர் அரை மணி நேரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் முடித்துக் கொடுத்தார். ஒரு டீச்சரும் ஒரு ஆயாவும்தான் அத்தனை பிள்ளைகளையும், அத்தனை பதிவேட்டையும், அந்தச் செயலியையும் பார்க்கிறார்கள். அவர்கள் நேரத்தை அனுசரித்துப் போனால் நம் வேலையும் சீக்கிரம் முடியும்.

3. கொண்டுபோக வேண்டியவை

அசலையும் நகலையும் ஒரே உறையில் வைத்துக்கொள்ளுங்கள். அசலை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள்.

தாயின் ஆதார் அட்டை.

குழந்தையின் பிறப்புச் சான்றிதழ். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் எடுக்கும் சான்றிதழில் குழந்தையின் பெயர் இருக்காது, பெற்றோர் பெயர் மட்டும் இருக்கும். பெயர் வைத்த பிறகு அதைப் பதிவு அலுவலகத்தில் சேர்க்க வேண்டும். பிறந்து ஒரு வருடத்துக்குள் சேர்த்தால் இலவசம். அதற்குப் பிறகு 15 வருடம் வரை 200 ரூபாய் தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். நான் பெரியவனுக்கு மறந்து, பள்ளியில் கேட்ட பிறகு ஓடினேன். 2023 அக்டோபர் 1-க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளி சேர்க்கை, ஆதார் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கான ஆதாரம் இந்தச் சான்றிதழ் ஒன்றுதான். பெயர் சேர்க்கும்போது எழுத்துகளை ஒன்றுக்கு மூன்று முறை படியுங்கள். இனிஷியல் முன்னால் வருகிறதா பின்னால் வருகிறதா என்பதுகூட எல்லாக் காகிதத்திலும் ஒரே மாதிரி இருக்கட்டும்.

தாய் சேய் நல அட்டை. கர்ப்பக் காலத்தில் கொடுத்த அந்தப் புத்தகம்தான். போட்ட ஊசிகள், எடை எல்லாம் அதில் இருக்கும். வீடு மாற்றும்போது தொலைந்துபோகும் முதல் பொருள் இதுவாகத்தான் இருக்கும். நகை வைக்கும் இடத்தில் இதையும் வையுங்கள். தொலைந்திருந்தால் உங்கள் பிக்மி நம்பரை, அதாவது கர்ப்பத்தைப் பதிந்தபோது ஆரம்பச் சுகாதார நிலையத்தில் கொடுத்த எண்ணை, தேடி எடுங்கள். பழைய ஆரம்பச் சுகாதார நிலையத்துச் செவிலியருக்கு அந்த நம்பர் இருந்தால் ஊசி விவரத்தைத் தேட வசதியாக இருக்கும்.

இவ்வளவுதான். வருமானச் சான்று, சாதிச் சான்று எதுவும் வேண்டாம். ரேஷன் கார்டு எந்த ஊரில் இருந்தாலும், இல்லாவிட்டாலும் சேரலாம். வாடகை ஒப்பந்தம் இல்லை என்று தயங்க வேண்டாம். ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை உள்ள பிள்ளைகளுக்கும், கர்ப்பிணிக்கும், பாலூட்டும் தாய்க்குப் பிரசவமாகி ஆறு மாதம் வரைக்கும் அங்கன்வாடி வழியாக உணவு கிடைக்க வேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் தரும் உரிமை. எங்கள் காம்பவுண்டில் ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பெண் இருக்கிறாள். கம்பெனியில் கணவன் மனைவி இருவருக்கும் வேலை. தமிழ் தெரியாது, இந்த ஊர் கார்டு இல்லை, தனக்கு எப்படிக் கொடுப்பார்கள் என்று ஒதுங்கியே இருந்தாள். நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். அவளுடைய மகன் இப்போது என் மகனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறான். உங்கள் காம்பவுண்டிலும் அப்படி யாராவது இருந்தால் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

குழந்தைக்கு ஆதார் இருந்தால்தான் சேர்ப்போம் என்று யாராவது சொன்னால் அது சரியல்ல. தாயின் ஆதாரை வைத்தே குழந்தையைச் சேர்க்கலாம். ஆனாலும் குழந்தைக்கும் எடுத்து வைப்பது நல்லது. ஐந்து வயதுக்குக் கீழே கைரேகை கிடையாது. குழந்தையின் புகைப்படம், பிறப்புச் சான்றிதழ், பெற்றோரில் ஒருவரின் ஆதாரும் கைரேகையும் போதும். புதிய ஆதாருக்குக் கட்டணம் கிடையாது.

4. பெயர் பழைய ஊரில் இருந்தால்

என்னை அதிகம் அலைக்கழித்தது இதுதான். செயலியில் ஒரு குழந்தை ஒரு மையத்தில்தான் இருக்க முடியும். பழைய மையத்தில் பெயர் இருக்கும்வரை புதிய டீச்சர் எவ்வளவு முயன்றாலும் ஏறாது. பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போனவர்கள் இதை நன்றாகக் கவனியுங்கள். அங்கே உங்கள் அம்மாவே நல்ல மனதோடு பேரப்பிள்ளையின் பெயரைக் கொடுத்து வைத்திருப்பார். உங்களுக்குத் தெரிந்தே இருக்காது.

நான் செய்த தவறு, இரண்டு டீச்சர்களுக்கும் நடுவில் நானே தூது போனது. இவர் சொன்னதை அவரிடம் சொல்ல, அவர் கேட்டதை இவரிடம் கேட்க, ஒவ்வொரு முறையும் ஒரு வாரம் போயிற்று. கடைசியில் என் அம்மாவை ஊரில் மையத்துக்குப் போகச் சொன்னேன். நான் இங்கே மையத்தில் உட்கார்ந்து அம்மாவுக்குப் போன் போட்டேன். அம்மா போனை அந்த டீச்சரிடம் கொடுத்தார். நான் என் போனை இந்த டீச்சரிடம் கொடுத்தேன். "அக்கா, நீங்க அங்க விட்டுட்டீங்களா? ஆங், இங்க இப்ப காட்டுது" என்று இருவரும் பேசிக்கொண்டே பத்து நிமிடத்தில் இரண்டு பிள்ளைகளின் பெயரையும் மாற்றிவிட்டார்கள். நான்கு மாதமாக நடக்காத வேலை.

ஆகவே ஊரைவிட்டுக் கிளம்பும் முன்பே பழைய டீச்சரிடம் சொல்லிவிட்டு, அவர் போன் நம்பரை வாங்கிக்கொள்ளுங்கள். கடைசியாகப் பார்த்த எடை, உயரத்தை அட்டையில் எழுதி வாங்குங்கள். ஏற்கெனவே வந்துவிட்டீர்கள் என்றால், இரு டீச்சர்களையும் நேராகப் பேச வையுங்கள். முகப்படம் எடுக்கும்போது வெளிச்சமான இடத்தில் நில்லுங்கள், முக்காட்டையும் மாஸ்க்கையும் எடுத்துவிடுங்கள். எனக்கு அறைக்குள் மூன்று முறை பொருந்தவில்லை. வாசலுக்கு வந்து நின்றதும் பொருந்தியது.

5. வயதுக்கு வயது என்ன கிடைக்கும்

கர்ப்பமாக இருந்தால்: பன்னிரண்டு வாரத்துக்குள் ஆரம்பச் சுகாதார நிலையத்தில் பதிந்து பிக்மி நம்பர் வாங்குங்கள். பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த நம்பரைக் கேட்பார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியும் அந்த வழியில்தான் வரும். மொத்தம் 18,000 ரூபாய் மதிப்பு. அதில் 14,000 பணமாகத் தவணைகளில் வரும், மீதிக்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகம். வங்கிக் கணக்கு உங்கள் சொந்தப் பெயரில், ஆதார் இணைத்ததாக இருக்க வேண்டும். அதோடு அங்கன்வாடியிலும் பெயர் கொடுங்கள். சத்துமாவு தனியாகக் கிடைக்கும்.

ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரை: வீட்டுக்குக் கொண்டுபோகச் சத்துமாவு. கோதுமை, முளைகட்டிய கேழ்வரகு, கடலை மாவு, வெல்லம் சேர்த்து, வைட்டமின்களும் இரும்புச்சத்தும் கலந்தது. முதலில் எனக்கு அதைக் கஞ்சியாகக் காய்ச்ச மட்டும்தான் தெரியும். சின்னவள் இரண்டு வாய்க்கு மேல் வாங்கவில்லை. டீச்சர் ஒரு நாள் கிண்ணத்தில் மாவை எடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரைத் தெளித்துத் தெளித்துப் பிசைந்து, கட்டைவிரல் அளவுக்குப் பிடித்து, இட்லித் தட்டில் வைத்து வேகவைத்துக் காட்டினார். வெந்ததும் வெல்ல வாசம் வந்தது. பிடி கொழுக்கட்டைதான். தானே கையில் பிடித்துக் கடித்தாள். பாக்கெட்டில் தேதியைப் பாருங்கள், பிரித்ததும் டப்பாவில் கொட்டி இறுக மூடுங்கள். இது குழந்தைக்கான அளவு. வீட்டில் எல்லோரும் பங்கு போட்டால் குழந்தைக்கு மாதக் கடைசிக்கு இருக்காது.

இரண்டு வயதுக்கு மேல்: மையத்துக்கே வந்து மதியச் சூடான சாப்பாடு, வாரத்தில் மூன்று நாள் முட்டை. கூடவே முன்பருவக் கல்வி.

இத்தோடு எல்லாப் பிள்ளைகளுக்கும் மாதா மாதம் எடை, உயரம். ஒன்பதாம் மாதம் தொடங்கி ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை வைட்டமின் ஏ திரவம். ஒரு வயதுக்கு மேல் குடற்புழு மாத்திரை. தனியார் பள்ளி எல்கேஜியில் சேர்த்துவிட்டீர்கள் என்றாலும் எடை பார்ப்பதையும் வைட்டமின் ஏ-யையும் விட்டுவிடாதீர்கள்.

6. எடையை நீங்களே படியுங்கள்

அங்கன்வாடியில் கிடைப்பதில் முட்டையைவிட இதைத்தான் நான் பெரிதாகச் சொல்வேன். அட்டையில் ஆண் குழந்தைக்கும் பெண் குழந்தைக்கும் தனித்தனி வரைபடம் இருக்கும். கீழே வயது மாதங்களில், பக்கவாட்டில் எடை. பச்சைப் பட்டைக்குள் இருந்தால் வயதுக்கேற்ற எடை. மஞ்சளுக்கு இறங்கினால் குறைவு. அதற்கும் கீழே ஆரஞ்சு, மிகவும் குறைவு.

என் மகளின் புள்ளி அக்டோபரிலும் பச்சையில்தான் இருந்தது. "பச்சைதானே, பரவாயில்லை" என்று நான் மூடப் போனேன். டீச்சர் அட்டையை மறுபடி விரித்து, பழைய புள்ளியிலிருந்து புதுப் புள்ளிக்கு ஸ்கேலை வைத்துக் கோடு போட்டார். பட்டை மேலே ஏறிக்கொண்டு போகிறது, அவள் கோடு தரையோடு படுத்திருந்தது. "கோடு படுத்துச்சுன்னா நாம எழுந்து உக்காரணும்மா" என்றார். நிறத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள். கோடு ஏறுகிறதா என்று பாருங்கள். இரண்டு மாதம் தொடர்ந்து ஏறாவிட்டால் காரணத்தைத் தேட வேண்டும். சின்னவளுக்கு வந்த புதிதில் தண்ணீர் ஒத்துக்கொள்ளாமல் அடிக்கடி வயிற்றுப்போக்கு இருந்தது. பசிக்கும் நேரத்தில் நான் பிஸ்கட்டைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். தண்ணீரைக் கொதிக்கவைத்து, பிஸ்கட்டை நிறுத்தி, ஒரு நாளைக்கு ஐந்து வேளையாகப் பிரித்துக் கொடுத்ததில் ஜனவரிக்குள் கோடு எழுந்தது.

எடை பார்க்கும்போது செருப்பு, கொலுசு, கனமான ஸ்வெட்டர் இருக்கக் கூடாது. மெஷின் பூஜ்யத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு வயதுக்குக் கீழே உயரத்தைப் படுக்கவைத்துத்தான் அளப்பார்கள். எண்ணை உங்கள் முன்னாலேயே அட்டையில் எழுதச் சொல்லுங்கள். செயலியில் ஏற்றினால் போதும் என்று விடாதீர்கள், ஊர் மாறும்போது கையில் இருப்பது அட்டைதான்.

கைச்சுற்றளவைப் பார்க்க ஒரு நாடாவும் உண்டு. ஆறு மாதத்துக்கு மேல் ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு மேல்கைச் சுற்றளவு 11.5 செ.மீ.க்குக் கீழே இருந்தால் அது கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு. அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். சத்துமாவைக் கூட்டிக் கொடுத்துப் பார்க்கலாம் என்று வாரக்கணக்கில் காத்திருக்காதீர்கள். பெரிய அரசு மருத்துவமனைகளில் தாயோடு சேர்த்துத் தங்கவைத்துச் சிகிச்சை கொடுக்கும் ஊட்டச்சத்து மறுவாழ்வு மையம் இருக்கிறது. டீச்சரிடமோ செவிலியரிடமோ பரிந்துரைச் சீட்டு வாங்கிப் போங்கள்.

7. செலவு

மையத்தில் எதற்கும் பணம் கிடையாது. சேர்க்கைக் கட்டணம், மாதக் கட்டணம், சாப்பாட்டுக் கட்டணம் எதுவுமே இல்லை. என் மொத்தச் செலவு: ஆதார் நம்பர் மாற்ற 75, பெரியவன் பெயரைச் சான்றிதழில் சேர்க்க 200, நகல் எடுக்க, பஸ்ஸுக்கு என்று ஏறக்குறைய இருநூறு. அதைவிட, அலைந்த நாட்களில் இழந்த கூலிதான் பெரிது. உங்களுக்காக ஆன்லைனில் முடித்துத் தருகிறேன் என்று கடைக்காரர் யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். பதிவு டீச்சரின் போனில்தான் நடக்கும்.

8. இரண்டு வயதில் அனுப்பும்போது

வேலைக்குப் போகும் அம்மாக்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அங்கன்வாடி முழுநாள் காப்பகம் இல்லை. மாலைக்கு முன்பே மூடிவிடும். கம்பெனி விட்டு வர ஏழு மணி ஆகும் என்றால் இடைப்பட்ட நேரத்துக்கு ஆள் பார்த்துவிட்டு அனுப்புங்கள். நேரத்தையும், கோடையில் எந்த நாட்கள் விடுமுறை என்பதையும் மையத்தில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையை யார் வந்து கூட்டிப்போவார்கள் என்பதை டீச்சரிடமும் ஆயாவிடமும் சொல்லி வையுங்கள்.

முதல் வாரம் ஒரு மணி நேரம் மட்டும் விடுங்கள். சின்னவள் முதல் நாள் என் துப்பட்டாவை விடவே இல்லை. நான் சொல்லாமல் நழுவினேன், அது தவறு. மறுநாள் வாசலைப் பார்த்ததுமே அழ ஆரம்பித்தாள். மூன்றாம் நாள், "அம்மா கடைக்குப் போய்ட்டு, நீ சாப்ட்டதும் வந்துருவேன்" என்று சொல்லிவிட்டுப் போய், சொன்னபடியே வந்து நின்றேன். ஒரு வாரத்தில் அடங்கிவிட்டாள்.

ஒவ்வாமை இருந்தால், வலிப்பு வந்த குழந்தை என்றால், முட்டை சாப்பிடாத வீடு என்றால், முதல் நாளே சொல்லுங்கள். மாற்றுத் துணி ஒன்று கொடுத்தனுப்புங்கள். மையத்தில் கழிப்பறையும் குடிதண்ணீரும் எப்படி இருக்கின்றன என்று ஒருமுறை உள்ளே போய்ப் பாருங்கள்.

"எழுதவே சொல்லித் தரலையே" என்று பல பெற்றோர் குறைப்படுகிறார்கள். "ஆடிப் பாடி விளையாடு பாப்பா" என்ற பாடத்திட்டத்தில்தான் நம் மையங்களில் நடத்துகிறார்கள். பாட்டு, கதை, வண்ணம், களிமண், பெரியது சிறியது பிரிப்பது என்று போகும். மூன்று வயதுக் கையில் பென்சிலைத் திணிக்காமல் இருப்பது நல்லதுதான் என்பது என் எண்ணம். என் மகன் ஊரில் கூச்சத்தோடு மூலையில் நிற்பவன். இங்கே வந்து ஆறு மாதத்தில், வீட்டில் எல்லோரையும் வரிசையாக உட்காரவைத்து, கை கழுவினீர்களா என்று கேட்டுவிட்டுத்தான் சாப்பிட விடுகிறான். எல்கேஜி, யுகேஜி என்றே வேண்டும் என்பவர்களுக்கு, அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருக்கும் 2,381 மையங்களில் 2019 முதல் அந்த வகுப்புகள் தொடங்கப்பட்டன. உங்களுக்கு அருகில் அப்படி ஒன்று இருக்கிறதா என்று பள்ளித் தலைமையாசிரியரிடம் கேளுங்கள்.

9. மருத்துவக் குழு வரும் நாளைத் தவறவிடாதீர்கள்

வருடத்துக்கு இரண்டு முறை நடமாடும் மருத்துவக் குழு மையத்துக்கு வரும். இதயக் கோளாறு, உதட்டுப் பிளவு, காது கேளாமை, பார்வைக் குறை, ரத்தசோகை, வளர்ச்சித் தாமதம் என்று பிறந்ததிலிருந்து பதினெட்டு வயது வரை பார்க்கும் திட்டம் இது. தேதியை முன்கூட்டியே டீச்சரிடம் கேட்டு, அன்றைக்கு ஒருவர் லீவு போட்டாவது கூடப் போங்கள். நீங்கள் கவனித்ததை நீங்கள்தான் சொல்ல முடியும்.

பதினெட்டு மாதத்தில் நடக்கவில்லை, இரண்டு வயதில் இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால் அடுத்த முகாம்வரை காத்திருக்க வேண்டாம். "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினாரு" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். எங்கள் தெருவில் ஒரு பையனுக்கு அப்படிச் சொல்லிச் சொல்லியே இரண்டரை வயது ஆகிவிட்டது. குழு பார்த்துச் சீட்டு எழுதி அனுப்பியதில் காதில் குறை என்று தெரிந்தது. மாவட்ட அளவில் ஆரம்பநிலை இடையீட்டு மையம் இருக்கிறது, டிஇஐசி என்று கேட்டால் அரசு மருத்துவமனையில் வழி காட்டுவார்கள். சீட்டு, தாய் சேய் நல அட்டை, ஆதார் மூன்றையும் எடுத்துக்கொண்டு காலையிலேயே போய்விடுங்கள்.

10. குறை இருந்தால் யாரிடம் போவது

முதலில் டீச்சரிடமே பேசுங்கள். நடக்காவிட்டால் மேற்பார்வையாளர், அவருக்கு மேல் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர், சிடிபிஓ என்பார்கள். அவருக்கு மேல் மாவட்டத் திட்ட அலுவலர். கையால் எழுதிய மனு போதும். குழந்தையின் பெயர், பிறந்த தேதி, எந்தத் தேதியில் மையத்துக்குப் போனீர்கள், என்ன பதில் சொன்னார்கள் என்று தேதி வாரியாக எழுதி, நகலில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். நான் முதல் மூன்று மாதம் எந்தத் தேதியையும் குறித்து வைக்கவில்லை. மேலே போய்க் கேட்டபோது, "எப்ப வந்தீங்க?" என்ற முதல் கேள்விக்கே பதில் சொல்ல முடியவில்லை. முதல்வரின் உதவி மையம் 1100. திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலும் கொடுக்கலாம்.

11. ஒன்றாம் வகுப்புக்குப் போகும்போது

ஜூலை 31-க்குள் ஐந்து வயது நிறைந்தால் அரசுப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் சேர்க்கலாம். மையத்தைவிட்டு வரும்போது முன்பருவக் கல்வி முடித்த சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். தாய் சேய் நல அட்டையில் விடுபட்ட பக்கங்களை நிரப்பி வாங்குங்கள். ஐந்து வயது முடிந்ததும் ஆதாரில் கைரேகையும் கருவிழியும் பதிய வேண்டும். ஐந்துக்கும் ஏழுக்கும் இடையில் செய்தால் கட்டணம் கிடையாது. கோடை விடுமுறை முடியும் நேரத்தில் ஆதார் மையங்களில் கூட்டம் தாங்காது, ஏப்ரலிலேயே போய்விடுங்கள்.

ஐந்திலிருந்து ஆறு வயதுக்குள் முத்தடுப்பு ஊசியின் இரண்டாவது ஊக்கத் தவணை ஒன்று இருக்கிறது. பள்ளிக்குப் போகும் பரபரப்பில் மறந்துபோவது இதுதான். என் மகனுக்கு வரும் புதன்கிழமை.